ஓட்டை தேடப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

லினக்ஸ் டெஸ்க்டாப்புக்காக நிரல் எழுத வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்பவை இவை.

1. நிரல் திறந்து கிடக்கிறது, ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். எக்ஸ் விண்டோவின் எழுத்துரு லைப்ரரியில் 1991-இல் நுழைந்த பிழை 2014 ஜனவரியில்தான் வெளியே வந்தது. யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட்டில் 2009 முதல் இருந்த ஓட்டை, சாதாரணப் பயனரையும் ரூட் ஆக்கிவிடக்கூடியது. அது 2022 ஜனவரியில் அம்பலமானது. படிக்க எல்லோருக்கும் உரிமை இருந்தது. உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. நீங்கள் படியுங்கள்.

2. பயனர் எதைத் திறக்கிறார் என்பதோடு, அவர் திறக்காமலே கணினி எதைத் திறக்கிறது என்றும் பாருங்கள். 2023 அக்டோபரில் கெவின் பேக்ஹவுஸ் வெளியிட்ட, கியூ கோப்புகளைப் படிக்கும் லிப்கியூ லைப்ரரியின் ஓட்டையை ஒவ்வொரு புதியவரும் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பேன். சிடியின் பாடல் வரிசையைச் சொல்லும் சின்ன உரைக்கோப்புதான் கியூ. அதிலுள்ள இன்டெக்ஸ் எண்ணை வாங்கும் ஃபங்ஷன், எண் உச்சவரம்பைத் தாண்டுகிறதா என்று மட்டும் சோதித்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறதா என்று சோதிக்கவில்லை. மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால் அது எதிர்ம எண்ணாகச் சுருண்டு, அர்ரேக்கு வெளியே நினைவகத்தில் எழுதிவிடும். க்னோம் டெஸ்க்டாப்போ டவுன்லோட்ஸ் கோப்புறையில் விழும் கோப்புகளைத் தேடலுக்காகத் தானே படித்து வைக்கும், கியூ கோப்பை இந்த லைப்ரரி மூலம். ஆக, பயனர் வலைப்பக்கத்தில் ஒரு இணைப்பை அழுத்தினால் போதும், கோப்பு இறங்கிவிடும். இறங்கிய கோப்பை அவர் தொடவே வேண்டாம். திருத்தம் என்ன தெரியுமா? 'பூஜ்ஜியத்தைவிடச் சிறியதா' என்ற ஒரே ஒரு நிபந்தனை. இரு எல்லைகளையும் சோதிக்கும் பழக்கம் உங்கள் விரல்களில் ஊற வேண்டும்.

3. கோப்பின் பெயரும் வெளியாள் கொடுத்ததுதான். க்னோமின் ஆவணக் காட்டியான எவின்ஸ், காமிக்ஸ் தொகுப்புகளைப் பிரிக்க டார் கட்டளையை அழைத்தது. உள்ளேயிருந்த படத்தின் பெயர் இரண்டு கோடுகளில் தொடங்கினால், டார் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் தனக்கிட்ட ஆணையாக எடுத்துக்கொண்டது. அந்த ஆணைக்குள் எந்த நிரலையும் ஓட்டச் சொல்லலாம். 2017-இல் டார் வகைக் காமிக்ஸ் தொகுப்புக்கான ஆதரவையே நீக்கிவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சிலர் மட்டும் பயன்படுத்தும் வசதிக்காக எல்லோரையும் ஆபத்தில் வைக்கக் கூடாது.

4. பழியைச் சுமத்துமுன் எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2019 ஜூலையில் விஎல்சி வீடியோ பிளேயரில் பெரிய ஓட்டை, உடனே நீக்குங்கள் என்று செய்தி பரவியது. உண்மையில் குறை வேறொரு லைப்ரரியில். அதுவும் ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே சரிசெய்யப்பட்டது. புகார் தந்தவரின் கணினியில் பழைய பதிப்பு இருந்திருக்கிறது.

5. பராமரிப்பவரைத் தனியே விடாதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் திட்டத்தின் விஷயத்தில் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. சம்பளமில்லாமல் ஒருவர் பார்த்துவந்த திட்டம் அது. ஏன் தாமதம், இன்னொருவரைச் சேர்த்துக்கொள் என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் 2021 முதல் உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை வைத்தார். அதன் ஒரு பகுதி வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைச் சும்மா விடாமல் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டால்தான் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. காரணம் புரியாத சின்னத் தாமதத்தையும் துருவுங்கள். தொகுப்பையும் களஞ்சியத்தையும் ஒப்பிடுங்கள். பெரிதாக எதுவும் தெரியாவிட்டாலும், வந்து குவியும் புகார்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். பராமரிப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

6. ஓட்டை கிடைத்தால் முதலில் பராமரிப்பவருக்குத் தனியாக எழுதுங்கள். எந்தப் பதிப்பு, என்ன நடந்தது, அதை மீண்டும் நிகழ்த்தும் மிகச் சிறிய கோப்பு: இவை மூன்றும் இருக்கட்டும். முடிந்தால் திருத்தத்தையும் அனுப்புங்கள். திருத்தம் பயனர்களைச் சேர அவகாசம் கொடுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திட்டத்தின் சோதனைகளோடு சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த பதிப்பில் அதே பிழை திரும்பி வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.