கடிகாரத்தில் ஆறு மணி, சூரியக் கணக்கில் 4.41

மாணவர்களே, நாளைக் காலை 6 மணிக்கு எழுந்ததும் ஜன்னல் வழியே வெளியே பாருங்கள். இருட்டாகத்தான் இருக்கும். பினாங்கில் ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடக் காலை 7 மணிக்கு முன் சூரியன் உதிப்பதில்லை. பிப்ரவரி மாதத்தில் 7.30 தாண்டிவிடும். பள்ளி மணி அடிக்கும் வேளையில்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது.

முதல் பாட வேளையில் மேசையில் தலை சாய்க்கும் மாணவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், குறை முழுவதும் மாணவருடையது அல்ல என்பது புரியும்.

கணக்கைப் போடுவோம்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே 1 பாகைக்கு 4 நிமிடம். மலேசிய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குப் பொருத்தமான நேரம். ஜார்ஜ்டவுன் இருப்பதோ ஏறத்தாழ 100.3 பாகையில். வேறுபாடு 19.7 பாகை. அதை 4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 79 நிமிடம்.

ஆக, நம் கடிகாரம் சூரியனைவிடச் சராசரியாக 79 நிமிடம் முந்தி ஓடுகிறது. நீங்கள் 6 மணிக்கு எழும்போது சூரியக் கணக்கில் மணி 4.41 தான். அதே கடிகாரத்தைப் பின்பற்றும் கோத்தா கினபாலுவில் இந்த வேறுபாடு 16 நிமிடம் மட்டுமே. சென்னையில் இந்திய நேரப்படி 9 நிமிடம்.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981ஆம் ஆண்டின் இறுதி வரை கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்ற, 1982 ஜனவரி 1 முதல் அது அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலமஸ் பகுதியில் ஒரு சிறிய நரம்பணுத் தொகுதி உள்ளது. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். உயிரணுக்களுக்குள் இத்தகைய கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை ஈக்களில் ஆராய்ந்து கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உடற்கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. விழித்திரையில் உள்ள சில சிறப்பு அணுக்கள், குறிப்பாக நீல ஒளி பட்டால், "இது பகல்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இருட்டத் தொடங்கியதும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரந்து, உடலை இரவுக்குத் தயார்ப்படுத்துகிறது. பதின்ம வயதில் இச்சுரப்பு சிறுவயதில் இருந்ததைவிடத் தாமதமாகவே தொடங்குகிறது.

13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 6 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 10 மணிக்காவது தூங்க வேண்டும். அப்போது சூரியக் கணக்கில் மணி 8.41. பள்ளி மணியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு உணர்த்தும்படி படுக்கையறையை மாற்ற முடியும்.

முதலில் வெளிச்சம்

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூரையிலுள்ள வெள்ளை விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் ஒளி தரும் ஒரு சிறிய மேசை விளக்கு போதும். கைப்பேசியை அறைக்கு வெளியே வையுங்கள். "அலாரம் வேண்டுமே" என்கிறீர்களா? சிறிய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தெருவிளக்கின் ஒளி முகத்தில் விழுந்தால் கட்டிலின் திசையை மாற்றுங்கள், அல்லது அடர்நிறத் திரைச்சீலையைத் தொங்கவிடுங்கள்.

பொழுது விடிந்த பிறகு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் மட்டுமே. மேகமூட்டமான பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் ஒளி உண்டு. ஆகவே ஓய்வு வேளையில் வகுப்பறைக்கு வெளியே வாருங்கள். வார இறுதியில் நண்பகல் வரை திரையை மூடித் தூங்கினால், உடற்கடிகாரம் இன்னும் பின்னுக்குப் போகும். திங்கட்கிழமை எழுவது கடினமாகும்.

அடுத்து வெப்பம்

தூங்கும்போது உடலின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் குறைகிறது. அந்த வெப்பம் தோல் வழியாக, குறிப்பாகக் கை கால்கள் வழியாக வெளியேற வேண்டும். பினாங்கின் ஈரமான காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அதனால்தான் புழுக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கிறோம்.

காற்றாடி அறையைக் குளிரச் செய்வதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை அது விலக்குவதால் வியர்வை விரைவாக ஆவியாகிறது. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிரூட்டி இல்லாத வீட்டில் இதுவே பெரிய உதவி.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? உயரமான கூரை, சாய்பலகைகள் பொருத்திய மர ஜன்னல்கள், வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம். சூடான காற்று முற்றம் வழியாக மேலேறிப் போக, ஜன்னல் வழியே புதிய காற்று உள்ளே வரும். அடுக்குமாடி வீட்டில் முற்றம் இல்லாவிட்டாலும், இரவில் ஜன்னலையும் அறைக் கதவையும் திறந்து வைத்துக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி செய்யலாம். கொசு வராமலிருக்க ஜன்னலில் வலை அடியுங்கள்.

மேற்குப் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பிற்பகல் வெயிலை வாங்கிய சிமெண்டுச் சுவர், இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை வெளிவிடும். கட்டிலை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள். பிற்பகலில் அந்தப் பக்க ஜன்னலின் திரையை மூடி வையுங்கள். தடித்த மெத்தை உடல் வெப்பத்தைத் தேக்கி வைக்கும். பாட்டி விரித்த கோரைப்பாயில் படுத்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

செய்து பாருங்கள்

தம்பி தங்கையோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டியதும் இல்லை. முதல் வாரம் எதையும் மாற்றாமல், படுத்த நேரம், எழுந்த நேரம், இரவு அறையின் வெப்பநிலை, முதல் பாடத்தில் தூக்கம் வந்ததா என்பதைக் குறித்து வையுங்கள். இரண்டாம் வாரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: கட்டிலின் இடம், விளக்கு, கைப்பேசி, இவற்றில் ஏதாவது ஒன்று. ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது அல்லவா? இரண்டு வாரக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, முடிவை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். முதல் பாடத்தில் தலை சாய்ப்பவர் ஏன் சாய்க்கிறார் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.