டிஸ்டார்ஷனைத் தொடாமல் வாசித்துப் பாருங்கள்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது: கடையில் டிஸ்டார்ஷன் பக்கமே போகாதீர்கள். ஆம்ப்பை கிளீன் சேனலில் வையுங்கள். ரிவெர்ப், டிலே எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். எஃபெக்ட் ஏறிவிட்டால் எந்தக் கிட்டாரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உறுமும். கிளீனில் வாசித்தால்தான் அதனதன் சொந்தக் குரல் கேட்கும்.

அந்தக் குரலில் பெரும்பங்கு, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புடையது. ஃபெண்டரின் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் இரண்டிலும் வழக்கமாக இருப்பது சிங்கிள் காயில்: காந்தத்தைச் சுற்றி ஒரே கம்பிச்சுருள். ஒவ்வொரு மீட்டலும் பளிச்சென்று கேட்கும். கூடவே கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது இழுத்துக்கொள்ளும். கல்யாண மண்டபக் கச்சேரியில் டிம்மர் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் ஆம்ப் ‘ங்ங்’ என்று ரீங்கரிப்பதை மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அப்போது கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். பாட்டு தொடங்கும் முன்பே அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இந்த இரைச்சலுக்கு கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் கண்ட தீர்வுதான் ஹம்பக்கர். 1955-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள்கள். சுற்றும் எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் அதிர்வு மட்டும் கூடி வரும். அந்த ஏற்பாட்டில் உச்ச ஸ்வரங்களின் கூர்மை கொஞ்சம் மழுங்கி, சத்தம் தடிக்கும். 1952-ல் வந்த கிப்சனின் லெஸ் பால் கிட்டாருக்கு 1957-ல் இது பொருத்தப்பட்ட பிறகு கிடைத்ததுதான் இன்று நாம் ‘லெஸ் பால் சவுண்ட்’ என்கிற கனத்த குரல். சோலோவில் ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பிடிக்க அதற்கு ஈடில்லை. ஆனால் கீபோர்டும் வயலினும் நிறைந்த பாட்டில் பின்னால் கார்டு வாசிக்க அதை எடுத்தால் எல்லாரோடும் மோதும்.

அங்கே நான் கையில் எடுப்பது ஸ்ட்ராட். 1954-ல் அது வந்தபோது மூன்று பிக்கப்புக்கும் மூன்று நிலை ஸ்விட்ச்தான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பை ஒன்றாக ஒலிக்க வைத்தார்கள். 1977-ல் ஃபெண்டரே ஐந்து நிலை ஸ்விட்சைக் கொடுத்தது. அந்த நடு நிலைகளில் இடைப்பட்ட ஸ்தாயி ஒதுங்கி, கண்ணாடி போல ஒரு மெல்லிய குரல் வரும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ கேட்டவர்களுக்கு அது பழக்கம். பாடகரின் குரலை மறைக்காமல் கூடவே போக அதைவிடப் பொருத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை. டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் இன்னும் கறாரானது. ரிதம் வெட்டி வாசிப்பவர்களுக்கு அதைச் சொல்வேன். ஜாஸ் மேல் ஆசை உள்ளவர்கள் உடல் பாதி குடைவான செமி ஹாலோ வகையையும் ஒருமுறை மடியில் வைத்துப் பார்க்கட்டும்.

விரலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஃபெண்டரின் ஸ்கேல் நீளம், அதாவது அதிரும் தந்தியின் நீளம், 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. அதே தந்தி, அதே சுருதி என்றாலும் நீளம் கூடியதில் இறுக்கம் கூடும். நம் ராகங்களின் கமகத்துக்காகத் தந்தியை இழுத்து வாசிப்பவர் இந்த முக்கால் அங்குலத்தை முதல் நிமிடத்திலேயே உணர்வார். ஸ்ட்ராட்தான் பிடித்திருக்கிறது, இழுக்கத்தான் கஷ்டம் என்றால் 10-க்குப் பதில் 9 கேஜ் தந்தி போட்டுப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் வால்யூம் நாப்பை 10-லிருந்து 6-க்கு இறக்கி அதே கார்டை வாசியுங்கள். சத்தம் குறைவதோடு தெளிவும் போய் மந்தமாகிறதா? அதற்காக அந்தக் கிட்டாரை ஒதுக்க வேண்டாம். ட்ரெபிள் பிளீட் என்று ஒரு சின்ன கெப்பாசிட்டரை நாப்பில் பற்றவைத்தால் சரியாகிவிடும். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை.