கேரட் தின்று வென்ற போர் அல்ல அது

"இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்கார விமானிகள் கேரட்டாகத் தின்றார்கள். அதனால்தான் கும்மிருட்டிலும் எதிரி விமானம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது." கொடுமுடி ரயிலடியில் கேட்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்கிறேன், கண் நோயாளிகளைப் பார்க்கும் என் அறைக்குள்ளும் கேட்கிறேன். படித்தவர்களே செல்போனை நீட்டிக் காட்டுகிறார்கள். இது பொய். அதுவும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசே வளரவிட்ட பொய்.

ராபர்ட் ஃபியூமர்டன் என்ற கனடா விமானியை எடுத்துக்கொள்வோம். 1941 செப்டம்பர் 1 இரவு, வடகிழக்கு இங்கிலாந்தின் வானில் ஜெர்மனியின் ஜங்கர்ஸ் 88 விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். கனடா விமானப்படைக்கு இரவில் கிடைத்த முதல் வெற்றி அது. பிறகு எகிப்திலும் மால்டாவிலும் பறந்தார். கடைசியில் அவர் கணக்கில் 14 விமானங்கள். டிஎஃப்சி என்ற வீரப் பதக்கம் இரண்டு முறை. இவருக்கு என்ன பூனைக்கண்ணா? அவர் ஓட்டிய பியூஃபைட்டர் விமானத்தில், அவருக்குப் பின்னால் பாட் பிங் என்பவர் ரேடார் திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விமானத்திலிருந்து போன வானொலி அலை எதிரி விமானத்தில் பட்டுத் திரும்பும். ஒரு திரை இடமா வலமா என்று காட்டும், இன்னொன்று மேலா கீழா என்று காட்டும். பின்னால் இருப்பவர் சொல்லச் சொல்ல விமானி திருப்புவார். அதற்கும் முன்னால், தரையில் இருந்த ரேடார் நிலையம் அவர்களை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கும்.

விமானியின் கண்ணுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. நெருங்கிய பிறகு, அது நம் விமானமா எதிரி விமானமா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே சுட வேண்டும். அதற்காகப் பறக்கும் முன் அரைமணி நேரம் இருட்டிலோ சிவப்புக் கண்ணாடி அணிந்தோ கண்ணைப் பழக்குவார்கள். விழித்திரையில் இருட்டுக்கென்றே இருக்கும் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி மீண்டும் நிறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். இது கண்ணின் இயல்பு. சத்துக்குறை இல்லாதவரை, இதில் காய்கறிக்குத் தனி வேலை இல்லை.

பிறகு ஏன் கேரட் கதை? 1940 நவம்பரில் ரேடார் துணையோடு தன் முதல் விமானத்தை வீழ்த்தினார் பிரிட்டிஷ் விமானி ஜான் கன்னிங்ஹாம். தொடர்ந்து வந்த வெற்றிகளுக்கு மக்களிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, ரேடாரோ ரகசியம். அதே சமயம் பல உணவுப்பொருள்கள் ரேஷனில் இருக்க, பிரிட்டனில் கேரட் மிகுதியாக விளைந்து கிடந்தது. கதை இரண்டுக்கும் உதவியது. தங்களிடமே ரேடார் வைத்திருந்த ஜெர்மானியர் இதை நம்பினார்களோ இல்லையோ, நாம் இன்னும் நம்புகிறோம்!

விமானத்தில் பெரிய விளக்குப் பொருத்தித் தேடினார்கள் என்பார்கள் சிலர். அப்படியும் செய்து பார்த்தார்கள். பெரிதாகப் பயன் இல்லை, 1943 தொடக்கத்தில் கைவிட்டார்கள்.

இதெல்லாம் சீமையில் மட்டும் நடந்தது என்பதும் தவறு. 1942 டிசம்பரில் ஜப்பானியர் கல்கத்தாவில் இரவில் குண்டு வீச, மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். ஃபியூமர்டன் இருந்த அதே 89-ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து பிரித்து அனுப்பிய பியூஃபைட்டர்கள் கல்கத்தாவை அடுத்த டம்டம்முக்கு வந்தன. 1943 ஜனவரி 15 இரவு, அவற்றில் ஒன்றை ஓட்டிய மாரிஸ் ப்ரிங் சில நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அதே கல்கத்தா வானில் உயிரையும் கொடுத்தார். 89-ஆம் ஸ்குவாட்ரன் பின்னர் வந்து தங்கிய இடம் வவுனியா. நம் சூலூரிலும் கோவையிலும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளங்கள் இருந்தன.

ஒரு பழைய கதையை நம்பினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்காதீர்கள். "பையனுக்கு ராத்திரியில கண்ணு தெரியறதில்லீங்க, தெனமும் கேரட் ஜூஸ் குடுக்கறமுங்க" என்று பெற்றோர் வருகிறார்கள், வருடக்கணக்கில் தாமதித்து. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், உண்மை. அதற்கு முருங்கைக்கீரையும் உதவும். 9 மாதம் முதல் 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகவே மருந்தும் தருகிறது. ஆனால் எண்ணெய் நிறைந்த விளக்கில் மேலும் எண்ணெய் ஊற்றினால் வெளிச்சம் கூடாது. குறை இல்லாத கண்ணுக்குக் கேரட் கூடுதல் பார்வை தராது. அளவு மீறினால் தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான்.

பள்ளி வயதில் இரவில் தடுமாறும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது விழித்திரை செல்களே சிதையும் பரம்பரை நோய். தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். சொந்தத்துக்குள் பெண் எடுக்கும்போது அப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது. தோட்டம் பிரியக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று மாமன் மகளையும் அத்தை மகனையும் சேர்த்துவைக்கும் பெரியவர்களிடம் கோபமாகவே சொல்கிறேன்: நிறுத்துங்கள். ஏற்கெனவே நடந்த திருமணமென்றால், குடும்பத்தில் யாருக்காவது மாலைக்கண் இருந்தால், மரபணு ஆலோசனை பெறுங்கள்.

இரவில் தடுமாறும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஜூஸை நம்பி ஒரு மாதம்கூடக் கடத்த வேண்டாம். கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனைக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள்.