உதைத்தும் கிளம்பாத எக்ஸ்.எல்.: எல்லைக் கிராமத்து இளம் மெக்கானிக்குக்கு

எஞ்சின் கிளம்பவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் கேளுங்கள், அப்புறம் கழற்றுங்கள். கடைசியாக எப்போது ஓடியது? பட்டென்று நின்றதா, திணறித் திணறி நின்றதா? பெட்ரோல் எங்கே, எப்போது அடித்தது? பட்டென்று நின்றிருந்தால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். பல வாரமாக இழுவை குறைந்துகொண்டே வந்து இன்று படுத்துவிட்டது என்றால் கரியோ, பிஸ்டன் ரிங்கோ. ஸ்பானரைத் தொடுமுன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

கேரள-தமிழ்நாடு எல்லையில் பாறசாலை, செங்கல், உதியன்குளங்கரை, வெள்ளறடை பக்கம் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே உங்கள் கைக்கு அடிக்கடி வரப்போவது மொபெட். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளில்தான் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடிகாலையில் தோட்டத்துக்குப் போகிறார். பொழியூர்க் கரையிலிருந்து மீன்பெட்டி வருகிறது. களியக்காவிளை சந்தைக்கு வாழைக்குலை போகிறது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் வடிவது குறையும், மீன் கெடும். அந்த மனிதருக்கு ஒரு காலை போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் முதல் தகுதி என்பேன். பாகங்களை மாற்ற யாருக்கும் வரும்.

சின்னச் சங்கதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்: டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, காக் திறந்திருக்கிறதா, கைப்பிடியில் இருக்கும் ஆஃப் சுவிட்சைப் பிள்ளைகள் யாராவது தட்டிவிட்டார்களா, பிளக் தொப்பி கழன்றிருக்கிறதா. இதில் எதுவாவது காரணமாக இருந்தால் காசு வாங்காதீர்கள்.

அடுத்து பிளக். நாலைந்து முறை உதைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி பலவீனம், இல்லையேல் ஓவர் ஃப்ளோ. கறுத்து எண்ணெய் பூசினாற்போல் இருந்தால் ஆயில் கலவை கூடியிருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. துடைத்து, தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு எஞ்சின் உடம்பில் நன்றாகப் பட வைத்து உதையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலப் பொறி சடசடவென்று அடிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் தெரிந்த நல்ல பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் தொப்பி, ஹெச்.டி. காயில், சி.டி.ஐ., மேக்னெட் காயில் என்று வரிசையாகப் பின்னால் போங்கள்.

காயிலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பொழியூர், பூவாறு வண்டிகளில் கடற்காற்றும் மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். உப்புத்தாள் வைத்து உரசினால் தீரும் வேலைக்குப் புது சி.டி.ஐ. போடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

பொறி நன்றாக இருந்தால் பிளக் துளை வழியே சில சொட்டுப் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி உதையுங்கள். ஓரிரு நொடி ஓடி நின்றால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான். நம் எல்லையில் இதற்குத் தனிக் காரணமே உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்த பிறகும் வண்டிகள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 எல்லாம் ஒரே ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும். தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. போகிறபோது கேனில் வாங்கிவந்து வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறம். வண்டிக்கும் அது கெடுதல்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் மாறி மாறிப் பெய்யும் ஊரில் மூடி சரியாக இல்லாத கேனும், ரப்பர் வாஷர் போன டேங்க் மூடியும் தண்ணீருக்கு வாசல். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். காக் எடுப்பதோ அந்த அடித்தட்டைத்தான். கண்ணாடிப் பாட்டிலில் டேங்கிலிருந்து கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். இரண்டு தட்டாகத் தெரிந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு மக்களே” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தபின் விளக்கமே கேட்கமாட்டார். டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஜெட் துளைக்குள் கம்பி விடவே விடாதீர்கள்; துளை பெரிதானால் அந்த வண்டி என்றைக்கும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மறுபடி கிளம்புகிற வண்டி வந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். செம்மண் தூசி அடைத்திருக்கும். நின்ற கையோடு மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும்.

பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பருக்கு இன்னும் இரண்டு சோதனை உண்டு. பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு உதையுங்கள்; விரலைத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் ரிங், சிலிண்டர் பக்கம் போங்கள். அடுத்தது, சைலன்ஸர் போல்ட்டைத் தளர்த்திவிட்டு உதைப்பது. அப்போது கிளம்பினால் உள்ளே கரி அடைத்திருக்கிறது. ஆயிலை டேங்கில் நேரே கொட்டுவதுதான் பல வீட்டில் இதற்குக் காரணம். தனிப் பாத்திரத்தில் பெட்ரோலோடு கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் சரியாக இருந்தும் அடம்பிடித்தால் மேக்னெட் பக்க ஆயில் சீலைச் சந்தேகியுங்கள்.

2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நாலு ஸ்ட்ரோக். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி அமலானபின் வந்தவற்றில் கார்பரேட்டர் கிடையாது. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், பேட்டரி, இணைப்பு. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் அதற்குச் சார்ஜ் ஏற்றுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். வோல்ட்டும் ஓமும் படிக்கத் தெரிந்தவருக்கு ஷோரூம் சர்வீஸ் சென்டரிலும் கதவு திறக்கும். கைவேலை மட்டும் தெரிந்தவருக்கு வருடாவருடம் வண்டிகள் குறையும்.

சரி செய்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஒர்க்‌ஷாப் சிறுவர்களை அனுப்பாதீர்கள். 16 வயதில் லைசென்ஸ் கிடைப்பது 50 சி.சி. வரையிலான கியரில்லா வண்டிக்குத்தான், எக்ஸ்.எல். 100-க்கு 18 முடிந்திருக்க வேண்டும். எஞ்சினைத் திறக்கும் முன் உத்தேசச் செலவைச் சொல்லி, “திறக்கட்டா அண்ணே?” என்று கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று பில்லின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.