காந்தச் சுருளை எங்கே வைப்பது?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பிச்சுருளைக் கால்வனாமீட்டருடன் இணைத்து, அதனுள் சட்டக் காந்தத்தை வேகமாக நுழைத்துப் பார்த்திருப்பீர்கள். முள் அசையும். காந்தத்தை நிறுத்திவிட்டால் முள்ளும் சுழிக்குத் திரும்பிவிடும். மாறும் காந்தப் புலமே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-இல் பாரடே கண்ட இந்த உண்மை இன்று மனநோய்ச் சிகிச்சைக்கும் உதவுகிறது.

நம் மூளையின் நரம்புச் செல்கள் மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும், தலைமேல் வைத்த சுருளில் கணநேர மின்னோட்டத்தைச் செலுத்தினர். கைத்தசைகள் தாமாகவே துடித்தன! மண்டையோடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆனால் காந்தப் புலத்தைத் தடுப்பதில்லை. உள்ளே சென்ற மாறும் காந்தப் புலம் மூளையில் மின்புலத்தை உண்டாக்கிற்று.

மருந்தால் குணமடையாத மனச்சோர்வு நோயாளிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெற்றியின் இடப்புறத்திற்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்குப் பல வாரங்கள் துடிப்புகள் தரப்படுகின்றன.

சுருளை எங்கே வைப்பது? விரலைத் துடிக்கச் செய்யும் இடத்தைக் கண்டறிந்து, அங்கிருந்து 5 செ.மீ. முன்னே வைப்பது பழைய வழக்கம். ஒரே அளவில் தைத்த சட்டை எல்லாருக்கும் பொருந்துமா? தலைகளும் அப்படித்தான். இடம் தவறினால், நோயாளி நாள்தோறும் வந்தும் பயன் குறையலாம்.

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து தோல், எலும்பு, மூளையைச் சூழ்ந்த திரவம், சாம்பல்நிறப் பொருள், வெண்ணிறப் பொருள் ஆகியவை தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. பிறகு தலை முழுவதும் லட்சக்கணக்கான சிறு நான்முகிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மின்கடத்துதிறன் தரப்படுகிறது. எடுத்துக்காட்டாக, திரவத்தின் கடத்துதிறன் சாம்பல்நிறப் பொருளினுடையதைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு. மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கொண்டு, எந்த இடத்தில் மின்புலம் எவ்வளவு என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. சுருளைச் சற்றே நகர்த்தினால், திருப்பினால் என்ன ஆகும் என்பதை நோயாளியைத் தொடாமலே காணலாம். முதுமையில் மூளை சுருங்குவதால் சுருளுக்கும் மூளைக்கும் இடைவெளி கூடும், புலம் வலுவிழக்கும். இதையும் கணக்கு காட்டிவிடும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கணக்கு மின்புலத்தைக் கூறுமே தவிர, நோயாளி குணமடைவாரா என்று கூறாது. அதை மருத்துவரே கவனித்து அறிய வேண்டும்.

சிந்தியுங்கள்: தலையருகே வலிய சட்டக் காந்தத்தை அசையாமல் வைத்தால் நரம்புச் செல்கள் தூண்டப்படுமா? விடை முதல் பத்தியிலேயே உள்ளது.