கருப்பு மண்டலத்துக்குப் போகும் தம்பிக்கு

கெலமங்கலம்

அன்புள்ள தம்பி,

ஆல்பியன் ஆன்லைனில் நீல மண்டலத்திலும் மஞ்சள் மண்டலத்திலும் தாது வெட்டிக் கை பழகிவிட்ட நீ, இனிச் சிவப்புக்கும் கருப்புக்கும் போகலாமா, போனால் லாபம் நிற்குமா என்று கேட்டு எழுதியிருந்தாய். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் அரைத் தூக்கத்தோடு வந்து இறங்குகிறவன், கைப்பேசியில் கல்லும் மரமும் சேகரிப்பதற்கு இத்தனை விசாரம் எதற்கு என்று உன் வீட்டார் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பொருளைத் தேடுவது ஒரு வித்தை, தேடிய பொருளோடு வீடு வந்து சேர்வது மற்றொரு வித்தை என்பதை இவ்வளவு சொற்பச் செலவில் கற்பிக்கிற பள்ளிக்கூடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெர்லின் நகரத்து நிறுவனமொன்று 2017 ஜூலையில் வெளியிட்ட அந்த விளையாட்டின் விதிகள் உனக்குத் தெரிந்தவையே. நீலத்தில் பயமில்லை, மஞ்சளில் அடித்து வீழ்த்துவார்களேயன்றி உடைமையைப் பறிக்க மாட்டார்கள், சிவப்பிலும் கருப்பிலுமோ, வீழ்ந்தவன் அணிந்திருந்ததும் சுமந்திருந்ததும் ஆகிய யாவற்றையும் இழக்கிறான், அவற்றுள் ஒரு பகுதி கொன்றவனுக்கும் கிட்டாமல் அழிந்தே போகிறது. உயர்ந்த படியைச் சேர்ந்த தாதுக்கள் பெரும்பாலும் அந்த அபாய பூமியிலேயே கிடைக்கின்றன. ஆகையால் நகரத்துச் சந்தையில் அவற்றுக்கு நீ காணும் விலை முழுவதும் உழைப்பின் கூலி என்று எண்ணிவிடாதே. அங்கே வெட்டுண்டு திரும்பாமற்போனவர்களின் நஷ்டமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அவர்களைக் காட்டிலும் குறைவாகச் செத்தால்தான் உனக்கு லாபம்.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றே. பையில் விழுந்த தாதுவை அந்த நிமிஷமே சம்பாத்தியமாக வரவு வைத்துக்கொள்ளும் சுபாவம் நம் எல்லோருக்கும் உண்டு. உண்மையில் அது நகரத்துப் பெட்டகத்தில் இறங்கும் வரையில் நீ பந்தயத்தில் வைத்திருக்கும் முதலேயன்றி வேறன்று. காலிப் பையோடு நிற்கும்போது ஒரு நிமிஷ உழைப்புக்காக நீ பணயம் வைப்பது உன் உடுப்பையும் வாகனத்தையும் மட்டுமே. நிறைந்த பையோடு நிற்கும்போதோ, அதே ஒரு நிமிஷ உழைப்புக்காக முன்பு உழைத்த அத்தனை நிமிஷங்களையும் சேர்த்துப் பணயம் வைக்கிறாய். ஆதாயம் ஏறாமல் இருக்க அபாயம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதென்றால், எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமமாகித்தானே தீரவேண்டும்? திரும்ப வேண்டிய இடம் அது.

கணக்காகவே காட்டுகிறேன். ஓர் உதாரணமாக, விளையாட்டின் நாணயமாகிய சில்வரில் நிமிஷத்துக்கு ஐயாயிரம் பெறுமான தாது உனக்குக் கிடைக்கிறது என்றும், சராசரியாக நூறு நிமிஷத்துக்கு ஒருமுறை பிடிபடுகிறாய் என்றும் வைத்துக்கொள். அப்படியானால் உன்னோடிருக்கும் மொத்தப் பெறுமானம் ஐந்து லட்சத்தைத் தொடும்போது, அடுத்த நிமிஷத்தின் வரவும் அதே நிமிஷத்தின் எதிர்பார்க்கத்தக்க நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. இப்போது உடுப்பையும் வாகனத்தையும் எண்ணிப் பார். அவை மூன்று லட்சம் பெறுமாயின் பைக்கு மிஞ்சுவது இரண்டு லட்சம், அதாவது நாற்பது நிமிஷ உழைப்பு. ஒரு லட்சத்தில் முடித்துக்கொண்டாயானால் பைக்கு நாலு லட்சம், எண்பது நிமிஷ உழைப்பு. விலையுயர்ந்த கவசம் பூண்டு தாது வெட்டப் போகிறவர்களைப் பார்த்து நான் ஏன் புன்னகைக்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இந்த எல்லை சற்றே தள்ளிப்போகும் என்பது மெய். ஆயினும் அடிப்படை மாறாது.

கொள்ளைக்காரனும் கணக்குப் பார்க்கிறவனே. 2003 முதல் நடந்துவரும் ஈவ் ஆன்லைன் என்னும் விண்கப்பல் விளையாட்டில் இதை இன்னும் ஸ்பஷ்டமாகக் காணலாம். அங்கே பாதுகாப்பு மிகுந்த வானவெளியில் ஒருவன் மற்றொருவனை நியாயமின்றித் தாக்கினால், கான்கார்டு என்னும் காவற்படை வந்து தாக்கியவனுடைய கப்பலை நிச்சயமாக அழிக்கும். காவற்படை தண்டிக்குமேயன்றி முன்கூட்டித் தடுக்காது. உடைந்த கப்பலிலுள்ள ஒவ்வொரு பொருளும் தப்பிப் பிழைப்பதற்குச் சரிபாதி வாய்ப்பே உண்டு. எனவே சரக்கின் பாதிப் பெறுமானம் தான் இழக்கப்போகும் கப்பல்களின் விலையைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டே அவன் பாய்கிறான். அந்த வரம்புக்குக் கீழே இருப்பவனைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பெரும்பாலும் என்கிறேன், ஏனெனில் 2009-இல் ‘ஹல்காகெடான்’ என்று பெயர் சூட்டி, சுரங்கக் கப்பல்களை உடைப்பதையே ஒரு போட்டியாக்கிப் பரிசும் வழங்கினார்கள். லாபத்துக்காக அடிப்பவனைக் கணக்கால் விலக்கலாம். வேடிக்கைக்காக அடிப்பவனை எந்தக் கணக்கு விலக்கும்?

கருப்பு மண்டலத்தில் நீ கவனிக்க வேண்டியவை சில. தாதுக் கட்டியை வெட்டுவதற்கு வாகனத்தை விட்டு இறங்குகிறாயல்லவா, மறுபடி ஏறுவதற்கு ஆகும் அந்த ஒருசில விநாடிகளிலேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே வாகனத்தை விட்டு நாலடி கூட விலகாதே. சிவப்பில் பகைவர் தொகையைத் திரையிலேயே காட்டிவிடுவார்கள், கருப்பில் உன் கண்ணே உனக்குக் காவல். நடுக்காட்டைவிட, ஒரு நிலத்திலிருந்து மறு நிலத்துக்குக் கடக்கும் வாயில்கள் அபாயமானவை, ஏனெனில் பை நிறைந்தவன் எவனும் அந்த வழியாக வந்துதானே ஆகவேண்டும்!

ஒருநாள் எல்லாவற்றையும் பறிகொடுப்பாய். அன்றைக்கு ‘விட்டதைப் பிடித்துவிடுகிறேன்’ என்று உடனே இன்னொரு உடுப்பு வாங்கிக்கொண்டு ஓடுவாயே, அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை விழுந்துவிட்டால் நம் பக்கத்து விவசாயி என்ன செய்கிறார்? பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாதென்று கண்டால், நாற்றுக்கும் உரத்துக்கும் கொட்டிய பணத்தை நினைத்து ஏங்கினாலும், பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார். போன செலவு அவருடைய இன்றைய கணக்கில் நுழைவதில்லை. இரவு பதினொன்றரைக்கு, கண் எரிய, காலை ஷிஃப்டை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பப் போகிறவன் நிதானித்து ஆடுவதில்லை. பிடிபடும் விகிதம் அவனுக்கு ஏறிவிடுகிறது.

சில்வரை ரூபாய்க்கு விற்கலாமா என்று ஜாடையாகக் கேட்டிருக்கிறாய். வேண்டாம். நிறுவனத்தின் விதி அதைத் தடுக்கிறது, கணக்கையே முடக்கிவிடுவார்கள். அப்புறம் பையென்ன, பெட்டகமும் இல்லை. வெனிசுவேலாவில் நாணயம் சீரழிந்த காலத்தில், அந்நாட்டார் பலர் ரூன்ஸ்கேப் விளையாட்டின் வனாந்தரத்தில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்ததை விற்று அரிசி பருப்பு வாங்கினார்கள். பிற ஆட்டக்காரர்கள் அவர்களைத் தேடித் தேடி வேட்டையாடினார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர்களுக்கு வேறு கதியில்லை. உனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. விளையாட்டிலேயே சம்பாதித்த சில்வரைக் கொண்டு பிரீமியம் சந்தாவை வாங்கிக்கொள், கைக்காசு மிச்சமாகும், அது போதும்.

கடைசியாக, சுமைக்காளை வாங்குவதா குதிரை வாங்குவதா என்ற உன் கேள்வி. காளை ஏராளமாகச் சுமக்கும், ஆனால் ஓடாது. அதிகம் ஏற்றலாம் என்ற ஒரே காரணத்தால் நீயும் நிறையும் வரை நின்றுவிடுவாய். நீலச் சாலையில் ஊருக்கு ஊர் சரக்குக் கடத்துவதற்குக் காளையை வைத்துக்கொள். கருப்புக்குக் குதிரையிலேயே போ, எத்தனை லட்சத்தில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதிவிட்டு. நூறு நிமிஷத்துக்கு ஒருமுறை என்று நான் எழுதியது உதாரணத்துக்கான எண்தான், உன்னுடைய எண் வேறாக இருக்கும். ஒரு மாதம் குறித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, கூடவே கணக்குப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்