ஷாம்பெயின்: எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது

பாரிஸில் லா சப்பெல் பக்கத்து இலங்கைத் தமிழ் வீடுகளில் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் என்றால் கேக்கோடு ஷாம்பெயினும் மேசைக்கு வந்துவிடும். விருந்தாளிகள் கையில் பரிசாக இன்னும் நாலைந்து. இரண்டு பாட்டில் அன்றே திறக்கப்படும். மூன்றாவதில் கை வைக்கப்போகும் மாப்பிள்ளையை மாமனார் தடுப்பார்: "அதை இப்ப உடைக்காதேங்கோ தம்பி, பிள்ளையின்ர இருபத்தோராவது பிறந்தநாளுக்கு வையுங்கோ." பெரியவர் சொல்லைத் தட்ட முடியுமா? பாட்டில் சமையலறை அலமாரியின் உச்சிக்கு ஏறும். பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் வீட்டிலும் இதே கதைதான்; அங்கே சொல்பவர் பாட்டி, குறிப்பிடுவது பதினெட்டாவது பிறந்தநாள். கொஞ்சம் வசதியுள்ள இளந்தம்பதி என்றால் கண்ணாடிக் கதவும் நீல விளக்கும் வைத்த வைன் பெட்டி ஒன்று வரவேற்பறைக்கு வந்து சேரும்.

ஆசை, நாகரிகம், பெரியவர் சொல் எல்லாம் கூடி எடுக்கும் இந்த முடிவுகளில் பாட்டிலுக்குள் இருப்பதன் குணத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

விசாரிக்க அதிக தூரம் போகவும் வேண்டாம். லா சப்பெலிலிருந்து நடந்தே போகக்கூடிய கார் த லெஸ்ட் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரேன்ஸ் நகரம். அங்கே தரைக்கு அடியில், பழங்காலத்தில் கல் வெட்டியெடுத்த சுண்ணக்கல் குழிகளில்தான் பெரிய நிறுவனங்கள் சரக்கை வைத்திருக்கின்றன. கோடையோ பனியோ, உள்ளே 10 முதல் 12 டிகிரி. இருட்டு, ஈரப்பதம், அசைவே இல்லாத அமைதி. 2015ல் யுனெஸ்கோ இந்தக் குகைகளையும் திராட்சைச் சரிவுகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் பாட்டிலை வைக்கிறவர் இந்தக் குகையைத் தன்னால் முடிந்த அளவுக்கு நகல் எடுக்கிறார், அவ்வளவுதான்.

அந்த அளவுகோலில் சமையலறை முதலிலேயே தோற்றுப்போகும். அடுப்புச் சூடு, ஜன்னல் வெளிச்சம், ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தால் மோட்டாரின் நடுக்கமும் வெப்பமும். ஃபிரிட்ஜுக்குள்? குடிக்கப்போகும் வாரத்தில் தாராளமாக வைக்கலாம். மாதக்கணக்கில் வைத்தால் உள்ளிருக்கும் வறண்ட காற்று தக்கையைக் காயவைக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பாட்டில் குலுங்கும். படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு, வெளிச்சுவரையும் ஹீட்டரையும் தொடாத மூலை, ஓராண்டுவரை போதும். வேறு எதுவும் கிடைக்காதவர் இதற்கே திருப்தி அடையலாம்.

பாரிஸின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஓர் அறை உண்டு. பெரும்பாலானோர் அதில் உடைந்த சைக்கிளையும் பழைய மெத்தையையும் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். ஷாம்பெயினுக்கு இதைவிட நல்ல இடம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. கூரையோடு வெந்நீர்க் குழாய் ஓடுகிறதா என்று மட்டும் கையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓடினால் எதிர்ச்சுவர். ஈரத்தில் அட்டைப்பெட்டி நமுத்துப்போகும், லேபிள் உரியும். மரப்பலகை மேல் வைத்து, பாட்டிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றினால் தீர்ந்தது.

படுக்கவைப்பதா, நிற்கவைப்பதா என்று சண்டை போடும் வீடுகள் உண்டு. சாதாரண வைனைப் படுக்கவைக்கத்தான் வேண்டும், தக்கை நனைந்திருக்க. ஷாம்பெயினில் தக்கைக்குக் கீழுள்ள இடைவெளியே ஈரமான வாயுவால் அழுத்தமாக நிறைந்திருப்பதால் இரண்டுமே சரி. இடம் எப்படி இருக்கிறதோ அப்படி.

வெளிச்சம்தான் பலரும் அலட்சியம் செய்வது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாவும் நீலமும் வைனிலுள்ள ரைபோஃப்ளேவினைத் தூண்டிவிட, கந்தகச் சேர்மங்கள் உருவாகி வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை கிளம்பும். கரும்பச்சைப் பாட்டில் ஓரளவு காக்கும். வெள்ளைக் கண்ணாடிக்கு அந்தத் தெம்பு இல்லை. லூயி ரோடரரின் கிரிஸ்டல் பாட்டிலை மஞ்சள் தாளில் சுற்றி விற்பது அழகுக்காக மட்டுமல்ல. அந்தத் தாளைப் பிரித்துவிட்டுக் காட்சிக்கு வைக்கிறவர் கேடயத்தைக் கழற்றிப் போடுகிறார். வைன் பெட்டிக்குள் எரியும் அந்த அழகான நீல விளக்கும் இருக்கிற நிறங்களிலேயே தவறான நிறம்.

வைன் பெட்டி பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். இதை எழுதுபவருக்கு அதன் மேல் பெரிய மதிப்பில்லை; அறைக்கலனாகப் பெருமைப்படுவதற்கே பலர் வாங்குகிறார்கள் என்பது அவர் எண்ணம். நிலவறை இல்லாதவர் வாங்கத்தான் வேண்டும் என்றால் அளவு நாடாவோடு கடைக்குப் போகட்டும். தட்டுகள் பெரும்பாலும் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள போர்தோ பாட்டிலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஷாம்பெயின் பாட்டிலின் விட்டம் ஏறத்தாழ 88. 'முப்பது பாட்டில் கொள்ளும்' என்று விளம்பரம் சொல்லும் பெட்டியில் மேல்தட்டு பாட்டிலில் இடிக்கும்.

இப்போது அந்த 21 ஆண்டுக் கதைக்கு வருவோம். பழசாக ஆக ஷாம்பெயின் மேன்மையடையும் என்ற நம்பிக்கை பாழாக்கிய அளவுக்குப் பாட்டில்களை எந்தச் சமையலறை வெயிலும் பாழாக்கியிருக்காது.

முதலில் ஒரு கணக்கு. சாதாரண ஷாம்பெயின் பல ஆண்டு வைன்களின் கலவை. பிள்ளை பிறந்த ஆண்டில் பரிசாக வந்த பாட்டிலுக்கும் பிள்ளையின் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஆண்டின் அறுவடையைக் கொண்டு செய்யும் விண்டேஜ் வகையைக் குறைந்தது மூன்றாண்டு நிலவறையில் வைத்த பிறகே விற்கலாம் என்பது சட்டம். பெரிய நிறுவனங்கள் ஆறேழு ஆண்டுகூட வைத்திருக்கும். பிறந்த ஆண்டு வைன் வேண்டுமென்றால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்துதான் வாங்க முடியும்.

இரண்டாவது, முதிர்ச்சி நடக்கும் இடம் வேறு. தயாரிப்பாளரின் நிலவறையில் பாட்டில் கிடக்கும்போது உள்ளே ஈஸ்ட் வண்டல் இருக்கும். அது புகும் ஆக்ஸிஜனை விழுங்கி வைனைக் காக்கும். ரொட்டி வாசனையையும் அதுதான் கொடுக்கும். கலவை வகைக்கு மொத்தம் 15 மாதம், அதில் 12 மாதம் வண்டலோடு என்பது குறைந்தபட்ச விதி. பிறகு வண்டலை வெளியேற்றி, சற்று இனிப்புச் சேர்த்து, தக்கை அடித்து விற்பனைக்கு அனுப்புகிறார்கள். காவலாளி போன பிறகுதான் பாட்டில் நம் கைக்கு வருகிறது. போலாஞ்சே நிறுவனத்தின் ஆர்.டி. போன்ற விலையுயர்ந்த பழைய வைன்கள் பல ஆண்டு வண்டலோடு கிடந்து, விற்பதற்குச் சற்று முன்னர்தான் வண்டல் நீக்கப்படுபவை. மாமனார் மனதில் இருப்பது இந்தப் பழசு. வீட்டு அலமாரி கொடுப்பது வேறு பழசு.

அது எப்படி இருக்கும் என்பதைத் தக்கையே சொல்லும். புதுப் பாட்டிலில் பிடுங்கியதும் தக்கையின் அடிப்பாகம் பாவாடைபோல் விரிந்துகொள்ளும். பல ஆண்டு கழுத்தில் நெரிபட்ட தக்கை, விரியும் சக்தியை இழந்து நேராக, முளைக்குச்சிபோல் வரும். சில சமயம் சத்தமே இல்லாமல். வாயு கசிந்திருக்கும், காற்று புகுந்திருக்கும். பொன்னிறம் பழுப்பாகி, ஆப்பிள் வெட்டி வைத்த வாடையும் வால்நட்டும் காளானும் முன்னுக்கு வரும். இந்தச் சுவைக்கென்றே அலையும் ரசிகர்கள் இங்கிலாந்தில் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. பிறந்தநாள் விருந்தில் கோப்பை நீட்டும் உறவினர் அவர்கள் அல்லர்.

பால்டிக் கடல் கதையைச் சொல்லி வாதாடுவார்கள். உண்மைதான்: 2010ல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 168 பாட்டில்கள் எடுக்கப்பட்டன, வெவ் கிளிக்கோ, ஜூக்லார், ஹைட்ஸிக். ஏறத்தாழ 170 ஆண்டுப் பழசு. மறு ஆண்டு ஏலத்தில் ஒரு வெவ் கிளிக்கோ பாட்டில் 30,000 யூரோவுக்குப் போனது. ஆனால் அவை கிடந்த இடம்? ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம், 2 முதல் 4 டிகிரி, கும்மிருட்டு. அந்த ஆழத்தில் கடல் வெளியிலிருந்து அழுத்தும் அழுத்தமும் பாட்டிலின் உள்ளழுத்தமும் கிட்டத்தட்டச் சமம். ஆகவே வாயு தப்பவும் வழியில்லை. போதாக்குறைக்கு லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை. இனிப்புக் குறைந்த இன்றைய ப்ருட் வகையில் 12 கிராமைத் தாண்டக்கூடாது. முதல் மோப்பத்தில் சுவைஞர்கள் கண்டது ஈர முடியும் பாலாடைக்கட்டியும்; கோப்பையைச் சுழற்றிய பிறகுதான் புகையும் தோலும் மசாலாவும் வந்தன.

கலவை வகை வாங்கிய இரண்டு, மூன்று ஆண்டுக்குள் தீரட்டும். நல்ல விண்டேஜ், அதுவும் ஒன்றரை லிட்டர் மேக்னம், சரியான நிலவறை என்று மூன்றும் அமைந்தால் பத்தாண்டு தாங்கும். மேக்னத்தில் வைனின் அளவுக்குக் காற்று குறைவு. எல்லாப் பிள்ளையையும் டாக்டராக்க முடியாததுபோல் எல்லாப் பாட்டிலையும் கிழவராக்க முடியாது. அந்தத் திறமை பிறப்பிலேயே இருந்தால் காத்திருக்கலாம். இல்லாததைக் காத்திருந்து வரவழைக்க முடியாது. 21ஆம் பிறந்தநாளுக்கு அந்த ஆண்டு விண்டேஜ்தான் வேண்டுமென்றால், நாள் நெருங்கும்போது நம்பிக்கையான கடையில் வாங்குவது உத்தமம். அதுவரை பாட்டிலைக் காத்தது விற்பவரின் நிலவறை.

சென்னைக்கு வரும் பாட்டில்களுக்கு ஒரு வார்த்தை. சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம் என்பதால் 750 மில்லி பாட்டில் இரண்டுதான் கணக்கில் நிற்கும். 30 டிகிரி அறையில் பாட்டிலின் உள்ளழுத்தம் குகையில் இருந்ததைவிட மிகவும் கூடியிருக்கும், வைனும் வேகமாகத் தளரும். இங்கே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே குறைந்த தீமை. சில வாரத்துக்குள் ஒரு நல்ல காரணம் தேடிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பொறுமை நிஜமாகவே தேவைப்படும் இடம் கடைசி நாலு மணி நேரம். ஃபிரீசரில் திணிக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு மணி நேரம். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், அரை மணி. 8 முதல் 10 டிகிரியில் திறந்தால் நுரை பொங்கி வீணாகாது.

மீந்துவிட்டால் பாட்டிலின் வாயில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடும் பழக்கம் பிரான்ஸ் முழுக்க உண்டு. 1994ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேர் சோதித்துப் பார்த்தார். கரண்டியால் எந்தப் பயனும் இல்லை. வாயுவைப் பிடித்து வைப்பது குளிர்ச்சி. காற்றை உறிஞ்சும் வைன் பம்ப்பும் வேண்டாம், கரைந்திருக்கும் வாயுவையே அது இழுத்துவிடும். இரண்டு பக்கமும் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் ஷாம்பெயின் மூடி சில யூரோவுக்குக் கிடைக்கும். அதைப் போட்டு ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்வரை குமிழி இருக்கும்.